புத்தகத்தின் மேல் மூன்று வாய்கள்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா. கதவைச் சாத்திவிட்டு வாருங்கள், பனி உள்ளே வருகிறது. காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டீர்களா? சரி. இன்றைக்கு ஒரு பூட்டின் கதை சொல்லப்போகிறேன். நடுவில் கொஞ்சம் நெஞ்சு படபடக்கும். அப்போது பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம், தப்பே இல்லை.

ஊட்டி மலையில் சோலூர்ப் பக்கம் பூசணிமட்டம் என்று ஒரு சின்ன ஊர். பேருக்குக்கூட அங்கே பூசணிக்கொடி கிடையாது. சுற்றிலும் தேயிலை. பஸ் நிற்கிற முக்கில் அண்ணல் அம்பேத்கர் சிலை. நீலக் கோட்டு, மூக்குக்கண்ணாடி, வானத்தைப் பார்த்து நீட்டிய விரல். இன்னொரு கையில் நெஞ்சோடு அணைத்த தடிப் புத்தகம். ஊர்க் குழந்தைகளுக்கு அவர் கோட்டுத் தாத்தா.

கோட்டுத் தாத்தாவைச் சுற்றி இரும்புக் கூண்டு. தலைக்கு மேலும் கம்பி. கதவில் பெரிய பூட்டு.

"ஏம்ப்பா அவரைக் கூண்டுக்குள்ள வெச்சிருக்கீங்க?" என்று சரிதா ஒருநாள் அப்பாவிடம் கேட்டாள்.

"யாராச்சும் வந்து ஏதாச்சும் பண்ணிப்போடக் கூடாதுன்னுதான் அம்மணி."

"யாரு வருவாங்க?"

அப்பா தலையைச் சொறிந்துகொண்டு ஃபேக்டரிக்குக் கிளம்பிவிட்டார்.

சரிதாவுக்குப் பத்து வயது. அப்பா முத்துராஜ் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்ப்பவர். நன்றாகப் பெயிண்ட் அடிப்பார். ஒவ்வொரு ஏப்ரலிலும் அம்பேத்கர் பிறந்தநாளுக்கு முந்தின நாள் லீவு போட்டு, சிலைக்குப் புதுச்சாயம் பூசுவது அவர்தான்.

அந்த ஏப்ரலில் சரிதாவிடம் ஒரு ரகசியம் இருந்தது. எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு ஏறும் படிக்கட்டில் பாதியில் நின்று பார்த்தால் கூண்டுக்குள் நன்றாகத் தெரியும். கோட்டுத் தாத்தாவின் புத்தகத்துக்கும் நெஞ்சுக்கும் நடுவில் ஒரு கொண்டைக்குருவி கூடு கட்டியிருந்தது. கன்னத்தில் சிவப்புப் பொட்டு, தலையில் கறுப்புக் கொண்டை. கம்பி இடுக்கில் அது சர்ரென்று நுழையும், சர்ரென்று வெளியே வரும். அந்த வாரம்தான் குஞ்சு பொரித்திருந்தது. மூன்று வாய்கள், எப்போதும் திறந்தபடி.

சரிதா யாரிடமும் சொல்லவில்லை. லைன் வீட்டில் ஒருத்தரிடம் சொன்னால் ஒலிபெருக்கி வைத்துச் சொன்ன மாதிரி.

ஆனால் ஒன்றை மறந்துபோனாள்.

"அம்மணி, எந்திரி. பிரஷ்ஷை எல்லாம் எடுத்து வெய்யி. சிலைக்குப் பெயிண்ட் அடிக்கோணும்" என்று அப்பா ஒரு காலையில் எழுப்பினார். "நாளைக்குப் பொறந்தநாளு."

சரிதா சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.

பிரஷ்களை அணைத்துக்கொண்டு அப்பாவின் பின்னால் நடந்தாள். சொல்லு, சொல்லு என்றது மனசு. வாய் திறக்கவில்லை. சொன்னால் அப்பா என்ன செய்வார்? மூக்கம்மா பெரியம்மாவிடம் கேட்பார். மூக்கம்மா பெரியம்மாதான் விழாக் கமிட்டித் தலைவி. தேயிலை பறித்து ரிட்டையர் ஆனவர். அவர் இருமினால் அடுத்த லைனில் தூங்குகிற பிள்ளை எழுந்துவிடும். போன வருஷம் கோட்டில் ஒரே ஒரு பொத்தானுக்குப் பெயிண்ட் விட்டுப்போனதை அவர் தீபாவளி வரைக்கும் சொல்லிக்காட்டினார்.

முக்கில் பெரியம்மா காத்திருந்தார். பக்கத்தில் ஜீப் ஓட்டுகிற வினோத், ஏணியும் கையுமாக.

"வா முத்து. சூரியன் உச்சிக்கு வந்தப்பொறவு வர்றியா?"

"மணி ஏழுதானுங்க அக்கா."

"ஏழு ஏழுன்னே எட்டாயிரும்!"

பெரியம்மா இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்தார். பூட்டு நறநறவென்று முனகித் திறந்தது. கூண்டுக் கதவு வருஷத்தில் இரண்டே தடவைதான் திறக்கும். டிசம்பரில் நினைவுநாள், ஏப்ரலில் பிறந்தநாள். டிசம்பரில் போட்ட மாலை சருகாகி இன்னும் சிலையின் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

வினோத் ஏணியைக் கூண்டுக்குள் சாத்திப் பிடித்துக்கொண்டார். அப்பா ஒரு வாளித் தண்ணீரோடு சிலையின் பின்பக்கமாக ஏறினார்.

"தலையோட ஊத்து முத்து!" என்றார் பெரியம்மா. "ஒரு வருசத்துத் தூசி!"

அப்பா வாளியைத் தூக்கினார்.

"ஊத்தாதீங்கப்பா!"

அந்தக் குரல் தன்னுடையதா என்று சரிதாவுக்கே தெரியவில்லை. அப்பாவின் கை வெடுக்கென்று திரும்பியது. வாளித் தண்ணீர் மொத்தமும் வினோத்தின் தலையில் கொட்டியது.

"ஐயய்யோ! ஐஸுங்க! ஐஸு!" வினோத் அங்கேயே குதித்தார்.

"உள்ளே குஞ்சு இருக்குதுப்பா. புத்தகத்துக்கிட்ட. மூணு இருக்குது" என்றாள் சரிதா. அதற்குள் அவள் கண் கலங்கிவிட்டது.

அப்பா மெல்ல எட்டிப் பார்த்தார். காலி வாளியோடு இறங்கினார்.

"ஆமாங்க அக்கா. இருக்குது."

பெரியம்மா இடுப்பில் கை வைத்தார். "அதுக்கு? நாளைக்கு ஊட்டியிலிருந்து சங்கத்துக்காரங்க மாலை போட வர்றாங்க. சாயம் போன சிலையைப் பார்த்தா பூசணிமட்டத்தைப் பத்தி என்ன நெனைப்பாங்க?"

"தூக்கிச் செடியில வெச்சுப்போட்டா ஆச்சுங்க" என்றார் வினோத், தலையைத் துவட்டிக்கொண்டே.

"உங்க ஜீப்பை யாராச்சும் பத்தடி தள்ளி நிறுத்திட்டாலே ஊரைக் கூட்டுவீங்க. அது குருவிண்ணா. இடம் மாத்தினா அதுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் சரிதா.

வினோத் மறுபடி தலையைத் துவட்டினார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் சிரித்தார்கள். பெரியம்மா சிரிக்கவில்லை.

மேலே கரண்ட் கம்பியில் தாய்க்குருவி வந்து உட்கார்ந்தது. அலகில் ஒரு பச்சைப் புழு. கீழே ஏணியும் ஆளுமாக இருப்பதைப் பார்த்தது. வரலாமா வேண்டாமா என்று கத்திற்று. உள்ளே மூன்று வாய்களும் பதிலுக்குக் கத்தின.

"பெரியம்மா, கூட்டுக்கிட்ட மட்டும் விட்டுட்டு மத்ததுக்கு அப்பா பெயிண்ட் அடிக்கட்டும். தண்ணி ஊத்த வேண்டாம். ஈரத்துணியில தொடைக்கலாம். குருவி வந்தா நான் கையைத் தூக்கறேன். அப்பா இறங்கி ஒளிஞ்சுக்கட்டும்."

"ஒளிஞ்சுக்கறதா? உங்கப்பன் என்ன கண்ணாமூச்சி ஆடறதுக்கா வந்திருக்கான்?"

"ஆடறனுங்க அக்கா" என்றார் அப்பா மெதுவாக. "பாவம், பச்சக்குஞ்சு."

பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுவே போதும் என்று வேலை ஆரம்பமானது.

அப்பா ஏறுவார். சரிதாவின் கை உயரும். அப்பா இறங்கிப் பஸ் ஸ்டாப் சுவருக்குப் பின்னால் ஓடுவார். குருவி ஊட்டிவிட்டுப் பறக்கும். அப்பா மறுபடி ஏறுவார். இரண்டு மணி நேரத்தில் கோட்டுத் தாத்தாவின் தலைமுடி மட்டும்தான் கறுத்திருந்தது.

"என்னுங்க முத்தண்ணா, ஏணிக்கு உடற்பயிற்சியா?" என்று பஸ்ஸிலிருந்து ஒருவர் கத்தினார்.

இப்படியே போயிருந்தால் நல்லது. போகவில்லையே!

அப்பா சுவருக்குப் பின்னால் இருந்த ஒரு நேரம். கூண்டுக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. அந்த முக்கில் ஒரு காகம் உண்டு. அந்த வாரம் முழுக்க அது கூண்டின் மேல் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, கூட்டையே பார்த்துவிட்டுப் போகும். கம்பி இடுக்கில் குருவி நுழையும், காகம் நுழையாது. இப்போது அது தரையில் இறங்கியது. பஸ் ஏறுகிற ஆள் மாதிரி, கதவு வழியாக நடந்தே உள்ளே போனது.

"அப்பா!"

சரிதா ஈரத்துணியைச் சுழற்றிக்கொண்டு ஓடினாள். காகம் அதற்குள் பீடத்தில் ஏறிவிட்டது. இன்னும் ஒரு தாவல்தான். துணி பறந்து போய்க் காகத்தின் முதுகில் விழுந்தது. கா என்று அலறிக்கொண்டு, கம்பியில் முட்டி மோதி, கதவைக் கண்டுபிடித்து வெளியே பறந்தது.

சரிதா ஏணியில் ஏறி எட்டிப் பார்த்தாள். மூன்று வாய்களும் இருக்கின்றனவா? இருந்தன. சத்தம்தான் இல்லை. பயத்தில் மூடிக்கொண்டு விட்டன.

அப்போதுதான் அவளுக்கு நாளைய நினைப்பு வந்தது. நாளைக்கு விடிந்ததிலிருந்து கதவு திறந்தே இருக்குமே! ஒவ்வொரு சங்கமாக வந்து உள்ளே நுழையும். ஒவ்வொருவரும் ஆள் உயர மாலையைக் கழுத்தில் போடுவார்கள். மாலை எங்கே போய்க் கிடக்கும்? நெஞ்சின் மேல், புத்தகத்தின் மேல், கூட்டின் மேல். கூட்டம் கலைந்தால் காகம் வரும்.

அவள் மூக்கம்மா பெரியம்மாவிடம் போய் நின்றாள்.

"பெரியம்மா, நாளைக்குக் கதவைத் தொறக்காம இருக்கலாங்களா?"

பெரியம்மாவுக்கு முதலில் காதில் விழாத மாதிரி இருந்தது. பிறகு முகம் சிவந்தது.

"என்ன சொன்னே? பொறந்தநாளன்னிக்குப் பூட்டி வெக்கறதா?"

"காக்கா..."

"வருசத்துல ரெண்டு நாளு தொறக்கறோம் அம்மணி. ஒரு நாளு அழுகறதுக்கு, ஒரு நாளு சிரிக்கறதுக்கு. மத்த நாளெல்லாம் பூட்டித்தானே வெச்சிருக்கோம்? அவரு கம்பிக்குள்ள நிக்கறதைப் பார்த்துட்டே நான் எத்தனை வருசம் பஸ் ஏறியிருக்கேன் தெரியுமா? சிரிக்கற நாளும் பூட்டோணும்கிறியா?"

பெரியம்மாவின் குரல் கடைசியில் உடைந்துவிட்டது. பெரியம்மா சொன்னது சரிதானே? குருவிக் குஞ்சுகள் இருப்பதும் சரிதானே? இரண்டு சரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? சரிதாவுக்கு அழுகை முட்டியது.

"பெரியம்மா... நீங்க ஒருக்கா ஏறிப் பார்க்கறீங்களா?"

"எங்க?"

"ஏணி மேல."

"நானா?" பெரியம்மா ஏணியைப் பார்த்தார். "இந்த முட்டியை வெச்சுக்கிட்டா?"

"நாங்க புடிச்சுக்கறோமுங்க" என்றார் வினோத்.

"நீ புடிச்ச லட்சணத்தைத்தான் காலையில பார்த்தோமே!"

ஆனாலும் பெரியம்மா சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டார். அப்பா ஒரு பக்கம், வினோத் ஒரு பக்கம், பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பேர் கீழ்ப்பக்கம். "ஆட்டாதீங்கடா!" "யாரும் ஆட்டலைங்க!" "அப்ப யாரு ஆடறது?" "நீங்கதானுங்க!" ஒவ்வொரு படிக்கும் ஒரு சண்டை. கடைசியில் பெரியம்மாவின் முகம் புத்தகத்துக்கு நேராக வந்தது.

சத்தம் நின்றது.

நிழல் விழுந்ததும் குஞ்சுகள் அம்மா வந்துவிட்டதென்று நினைத்துக்கொண்டன. மூன்று வாய்களும் பெரியம்மாவைப் பார்த்துத் திறந்தன.

"அட, எங்கிட்டயே கேக்குதுகளே" என்றார் பெரியம்மா. அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

"கூட்டைப் பாருங்க பெரியம்மா. மின்னுதுங்களா?"

மின்னியது. வாழைநாரும் காய்ந்த புல்லுமாகப் பின்னிய அந்தக் கூட்டுக்குள் ஊடும் பாவுமாகத் தங்க நிற ஜிகினா நூல் ஓடியது. டிசம்பரில் மூக்கம்மா பெரியம்மா தானே கட்டிப் போட்ட மாலையின் ஜிகினா. பூ உதிர்ந்த பிறகு மிச்சம் நின்ற நாரையும் நூலையும் குருவி இழுத்து இழுத்து வீடு கட்டியிருந்தது.

"படிக்கட்டுல நின்னு பார்த்தேன் பெரியம்மா. தெனமும் ஒரு நூலா உருவிச்சு" என்றாள் சரிதா.

பெரியம்மா இறங்கினார். ஏறும்போது போட்ட சண்டை எதுவும் இல்லை. மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார்.

"முத்து, கோட்டுல இருக்கற பழைய சாயமே போதும். கீழே பூட்ஸை நல்லா பளபளன்னு அடி. அடிச்சதும் கதவைச் சாத்து."

அப்பா பூட்ஸை முடித்ததும் பெரியம்மாவே பூட்டைப் போட்டார். சாவியை இடுப்பில் செருகினார். பிறகு சரிதாவின் பக்கம் திரும்பினார்.

"பூட்டியாச்சு. இப்பச் சொல்லு. வர்ற மாலையெல்லாம் எங்க போடறது? உன்ற கழுத்துலயா?"

சரிதா கூண்டைப் பார்த்தாள். கறுத்த கம்பிகள், மேலிருந்து கீழ்வரை.

"கம்பியில போடலாம் பெரியம்மா. கம்பியே தெரியாத அளவுக்கு. பின்னாடி மட்டும் குருவிக்கு வழி விட்டுடலாம்."

பெரியம்மா கம்பிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். "கம்பியே தெரியாத அளவுக்கா?" என்றார். பிறகு வினோத்திடம் சத்தமாக, "டேய், மேட்டுப்பாளையத்துல பூவை நாலு முழம் சேர்த்தே வாங்கிட்டு வா. நாளைக்குன்னு வாங்கின சரவெடியைக் கடையிலயே திருப்பிக் குடுத்துரு!"

"பட்டாசு இல்லாத பொறந்தநாளாங்க?"

"பச்சக்கொழந்தை இருக்கற ஊட்டுல வெடி போடுவியாடா நீ?"

மறுநாள் சித்திரை ஒன்று. எஸ்டேட்டுக்கு லீவு. விடியும்போதே பனி இறங்கி, முக்கே வெள்ளையாக இருந்தது. ஊட்டியிலிருந்து வேனில் வந்த சங்கத்துக்காரர் ஒருவர் பூட்டைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

"என்னுங்கம்மா, சாவி தொலைஞ்சுபோச்சுங்களா? இல்ல எங்க சங்கத்துமேல ஏதாச்சும் கோவமுங்களா?"

சரிதா பெரியம்மாவின் முகத்தையே பார்த்தாள். பெரியம்மா மனம் மாறிவிட்டால்?

பெரியம்மா உதட்டில் விரலை வைத்தார். "மெதுவாப் பேசுங்க. உள்ள கொழந்தைக தூங்குது." படிக்கட்டுக்குக் கூட்டிப்போய்க் கையை நீட்டிக் காட்டினார். அந்த மனிதர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். மறுபடி துடைத்துவிட்டுப் பார்த்தார். திரும்பி வந்து, தன் பெரிய மாலையைக் கூண்டின் முன்பக்கத்தில் தானே கட்டினார்.

ஒன்றன் பின் ஒன்றாக மாலைகள் ஏறின. செவ்வந்தி, ரோஜா, சம்பங்கி. பக்கத்து வீட்டு ஈவ்லின் தன் வீட்டு வேலியிலிருந்து ஊதா நிறப் பூக்களைப் பறித்து வந்து, சரிதாவோடு சேர்ந்து கீழ்க் கம்பிகளில் செருகினாள். மேளம் அடிக்கவில்லை. எப்போதும் மைக் இல்லாமலே மலை அதிரப் பேசுகிற சங்கத்துப் பேச்சாளர், ஆஸ்பத்திரியில் நலம் விசாரிக்கிற மாதிரிப் பேசி முடித்தார். கைதட்டக்கூட எல்லோருக்கும் தயக்கம்.

எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் காலையிலிருந்து தாய்க்குருவியைக் காணவில்லை.

கூட்டத்தைப் பார்த்து மிரண்டுவிட்டதோ? பூ வாசனையில் கூடு அடையாளம் தெரியவில்லையோ? பின்னாடி விட்ட வழி போதவில்லையோ? எல்லோரும் பஸ் ஸ்டாப்பில் கேசரி சாப்பிடப் போனார்கள். சரிதா போகவில்லை. ஈவ்லின் கொண்டுவந்து கொடுத்த கேசரி அவள் கையிலேயே ஆறியது.

"நான்தான் பூட்டச் சொன்னேன், ஈவ்லின். அது வரலைன்னா?"

ஈவ்லின் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே குஞ்சுகளின் சத்தம் ஓய்ந்துகொண்டே வந்தது. பனி இன்னும் கீழே இறங்கியது. கோட்டுத் தாத்தாவின் தலை மறைந்தது. நீட்டிய விரல் மட்டும் வெள்ளைக்குள் நிற்பதுபோல் தெரிந்தது.

அந்த விரல் நுனியில் ஏதோ அசைந்தது.

கறுப்புக் கொண்டை. சிவப்புக் கன்னம். அலகில், தன் தலையைவிடப் பெரிய பச்சைப் புழு. ஒரு தடவை இந்தப் பக்கம் பார்த்தது, ஒரு தடவை அந்தப் பக்கம். பிறகு விரலிலிருந்து புத்தகத்துக்கு ஒரே குதி.

கீச் கீச் கீச் என்று மூன்று வாய்களும் ஒன்றாகச் சண்டை போட்டன.

பஸ் ஸ்டாப்பில் வினோத் துள்ளி எழுந்து விசில் அடிக்க விரலை வாயில் வைத்தார். பெரியம்மா அந்த விரலின் மேலேயே ஒரு தட்டுத் தட்டினார். பிறகு சரிதாவின் பக்கத்தில் வந்து நின்றார். அவள் கையில் இருந்த கேசரியில் ஒரு விள்ளல் எடுத்து அவள் வாயில் வைத்தார்.

"தின்னு அம்மணி. அது புள்ளைகளுக்கு ஊட்டிருச்சு."

அப்போது அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து வந்த ஒரு குட்டிப் பையன் சிலையைக் கை காட்டிக் கேட்டான்.

"அம்மா, கூண்டு எங்க?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கம்பி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. பனிக்குள்ளே பூவாலேயே கட்டின வீடு ஒன்று நின்றது. அதற்குள்ளிருந்து கோட்டுத் தாத்தா விரலை நீட்டிக்கொண்டிருந்தார். மூக்கம்மா பெரியம்மா சிரித்தார். சிரிக்கிற நாளல்லவா!

குஞ்சுகள் இறகு முளைத்துப் பறந்துபோன பிறகு அப்பா மிச்சப் பெயிண்டை அடித்து முடித்தார். எல்லாப் பொத்தான்களையும் பெரியம்மா தொட்டுத் தொட்டுப் பார்த்தார். காலிக் கூட்டை எடுத்துவிடட்டுமா என்று அப்பா கேட்டார்.

"இருக்கட்டும். அடுத்த வருசமும் ஆளு வருமில்ல?" என்று சொல்லிப் பெரியம்மா பூட்டைப் போட்டார்.

கதை முடிந்தது கண்ணுகளா. நீங்கள் போய்ப் படுங்கள். உங்கள் வீட்டுக் கூரை ஒழுகாமல் இருக்கட்டும். அடுப்பு அணையாமல் இருக்கட்டும். பசித்த வாய்க்கெல்லாம் நேரத்துக்குச் சோறு வரட்டும். வெளியே போன ஒவ்வொருவரும், எவ்வளவு பனி இறங்கினாலும், வழி தெரிந்து வீடு வந்து சேரட்டும்.